பிடிப்பில்லாத மூலை

கம்ப்யூட்டர் ஒரு தப்பைச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? 'ஓகே' எங்கே இருக்கிறது என்று தேடி அமுக்குவோம். எங்கள் ஆபீசில் ஒரே ஒருவர் மட்டும் அப்படிச் செய்ய மாட்டார். திரையில் சிவப்பு எழுத்து வந்ததும் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அவசரத்தில் விரல் எதையாவது அமுக்கிவிடக் கூடாதாம். பிறகு அந்த வரியை, எண்களைக்கூட விடாமல், வாய்விட்டுப் படிப்பார். "இன்னாமோ சொல்லுது. சொல்லி முடிக்கட்டும்" என்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெயரை எழுதவில்லை. எழுதினால், "என்னைக் கேட்டீங்களா சார்?" என்று நிச்சயம் போன் வரும். எங்களுக்கு அவர் மேடம். திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி கும்மிடிப்பூண்டி வருவார். அத்தனை தூரம் வந்தும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள்ளேயே குடியிருக்கிற ஆட்களைவிட முன்னால் சீட்டில் இருப்பார். எங்கள் கம்பெனி இரும்புத் தொட்டி, சட்டம், பாரம் தூக்குகிற சாமான் எல்லாம் செய்துகொடுக்கிற கம்பெனி. ஒரு சாமானைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் அதன் மேல் பாரம் ஏற்றி, தாங்குமா முறியுமா என்று பார்ப்பது அவர் வேலை. செய்து முடித்ததை லாரியில் ஏற்றி, சொன்ன தேதிக்கு அனுப்புவது என் வேலை. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிருந்தால்தான் ஆச்சரியம்.

ஆபீசில் ஒரு யுபிஎஸ் பெட்டி இருந்தது. எப்போதும் 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டே இருக்கும். நாங்கள் அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். யாரோ ஒரு புண்ணியவான் சத்தம் வருகிற ஓட்டையில் பஞ்சை அடைத்து டேப் ஒட்டியிருந்தார். மேடம் வேலைக்குச் சேர்ந்ததும் செய்த முதல் காரியம், அந்த டேப்பைப் பிரித்ததுதான்.

"மேடம், அது சும்மா கத்தும். வுட்டுடுங்க" என்றேன்.

"சும்மா எதுக்கு சார் கத்தணும்? அதுக்கு வேற வேலை இல்லையா?"

எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் திறந்தால், பேட்டரி உப்பி வெடிக்கிற நிலையில் இருந்தது. மாற்றி முடிக்கிற வரை ஆபீஸ் முழுக்கக் கரண்ட் இல்லாமல் வேர்த்து வடிந்தோம். நல்லவேளை என்று யாரும் சொல்லவில்லை. ஃபேன் ஓடவில்லை என்றுதான் திட்டினோம்.

மனிதர்களிடமும் அவர் அப்படியே. எங்கள் வண்டி டிரைவர் வாயாடி. ஒருநாள் அவர் பேசாமல் டீ குடித்தார். அதை நான் ஒரு நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். மேடம் நேராகப் போய், "இன்னா அண்ணா, காலையிலேந்து பேச்சே இல்ல?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா" என்றவரை விடவில்லை. கடைசியில் இடது கை மரத்துப்போயிருக்கிறது என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கழுத்து நரம்பு பிசகல், வேறொன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று என் இரண்டு லோடு நின்றுபோனது. இப்படித்தான், பாதி நாள் அவர் சொன்னது சரியாக இருக்கும். பாதி நாள் ஊரைக் கூட்டியதுதான் மிச்சம்.

அவர் அடிக்கடி மல்லுக்கட்டுகிற சிவப்பு வரி ஒன்று உண்டு. 'ஜீரோ பிவட்' என்று வரும். எனக்கு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு இரும்புச் சட்டத்தை அந்த சாஃப்ட்வேர் ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. எந்தத் துண்டு எந்தத் துண்டை எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெரிய கட்டம் போட்டு எண்களாக எழுதுகிறது. அதுதான் மேட்ரிக்ஸ். விடை வேண்டுமானால் அந்த மேட்ரிக்ஸை இரண்டு முக்கோணங்களாக உடைக்க வேண்டும். உடைக்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் ஒரு எண்ணால் வகுக்க வேண்டும். அந்த எண் பூஜ்யமாக இருந்தால்? பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. சாஃப்ட்வேர் அங்கேயே நின்றுவிடும்.

"பூஜ்யம்னா இன்னா அர்த்தம் தெரியுமா சார்? எங்கியோ ஒரு எடத்துல புடிப்பு இல்ல. தள்ளினா தடுக்க ஆளில்ல. அதைத்தான் அது சொல்லுது."

பெரும்பாலும் காரணம் அற்பமானதாக இருக்கும். வரைபடத்தில் இரண்டு தகடுகள் ஒட்டாமல் மயிரிழை இடைவெளி இருக்கும். தரையோடு கட்ட மறந்திருப்பார்கள். அதனால் எல்லோருக்கும் தெரிந்த குறுக்கு வழி ஒன்று உண்டு. சாஃப்ட்வேரிலேயே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால், பிடிப்பில்லாத இடத்தில் அதுவாகவே மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைக் கற்பனையாக மாட்டிக்கொண்டு கணக்கை முடித்துவிடும். மேடம் அந்த டிக் பக்கமே போக மாட்டார். "நிஜத்துல அந்த ஸ்பிரிங்கை யார் போய் மாட்டுவாங்க?" என்பார்.

ஒருமுறை ஒரு தொட்டி வேலை. ஜீரோ பிவட் வந்தது. மேடம் வேலையை நிறுத்திவைத்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டுத் தேடினார். வாடிக்கையாளர் போன் மேல் போன் போட்டார். நான் ஆயிரம் பொய் சொன்னேன். கடைசியில் அது வெறும் மயிரிழை இடைவெளி. தொட்டியில் ஒரு குறையும் இல்லை. அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். முதலாளி ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்று மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நீ பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காத. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா எனக்குத் தாங்காது."

மேடம் தலையாட்டினார். அந்த முறை அவர் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தத் தூக்குச் சட்டம். எளாவூர் தாண்டி ஆந்திராப் பக்கத்தில் ஒரு ஆலையில் பெரிய உலையைத் தூக்கி மேடையில் வைக்க வேண்டும். கிரேன் கொக்கியில் நேராக மாட்ட முடியாது. நடுவில் ஒரு செவ்வகச் சட்டத்தை மாட்டி, அதன் நான்கு மூலைகளிலிருந்து உலையைத் தொங்கவிட வேண்டும். அந்தச் சட்டம் எங்கள் வேலை. மேடம் முன்பே கணக்குப் போட்டு, நன்றாகத் தாங்கும் என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தார்.

செய்யும்போது ஒரு சிக்கல் வந்தது. சட்டம் லாரியின் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டியது. எளாவூர் செக்போஸ்ட்டில் மடக்கி நிறுத்திவிடுவார்கள். தனி பர்மிட், முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி என்று பேஜாரு. எங்கள் ஷெட் ஃபோர்மேன் கெட்டிக்காரர். மூலைகளை வெல்டு அடிக்காமல், ஒவ்வொரு மூலைக்கும் கதவுக் கீல் மாதிரி ஒரு பெரிய இரும்புப் பின் போட்டார். சட்டம் மடங்கும். மடித்து லாரியில் ஏற்றி, சைட்டில் போய் விரித்துக்கொள்ளலாம். முதலாளி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நானும்தான். ஃபோர்மேனின் மூளையை எஸ்டேட் முழுக்கப் புகழ்ந்து சொன்னேன்.

மூலை மாறியதால் ரிப்போர்ட்டையும் மாற்ற வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைத்தோம். மறுநாள் லோடு கிளம்ப வேண்டும். அதற்கடுத்த நாள் உலையைத் தூக்க வேண்டும். அன்று காலையில் மேடம் கணக்கை ஓட்டினார். ஜீரோ பிவட்.

கைகள் தொடைக்கு அடியில் போயின.

"ஐயோ மேடம், இன்னைக்கு வேணாம்" என்றேன்.

முதலாளி வந்தார். அந்த வாரம்தான் சாஃப்ட்வேர் புது வெர்ஷனுக்கு மாறியிருந்தது. "அதே இரும்பு, அதே பாரம். பழைய வெர்ஷன்ல ஓடிச்சு, புதுசுல ஓடலேன்னா கோளாறு எதுல நைனா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சாஃப்ட்வேர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டோம். அவர்களும் அந்த டிக்கைப் போடச் சொன்னார்கள். முதலாளியே உட்கார்ந்து போட்டார். கணக்கு ஓடியது. திரை முழுக்க அழகான நீலம், பச்சை. முறியும் என்று காட்டுகிற சிவப்பு எங்கேயும் இல்லை.

"பாத்தியாம்மா? கையெழுத்து போடு."

மேடம் எழுந்து நின்றார். "சார், இந்த நீலம் அந்த ஸ்பிரிங்கால வந்தது. அதை எடுத்துட்டா ஒண்ணும் இல்ல. நான் போட மாட்டேன்."

"நீ போடலேன்னா ஆள் இல்லையா? வெளியே ஒரு இன்ஜினியர் கிட்ட வாங்கிக்கிறேன்."

"வாங்கிக்கோங்க சார். ஆனா ஒரு மணி நேரம் குடுங்க."

முதலாளி தன் அறைக்குள் போய்விட்டார். கண்ணாடி வழியாக அவர் யாருக்கோ போன் போடுவது தெரிந்தது. நான் எரிச்சலோடு ஷெட்டுக்கு இறங்கினேன். அங்கே உலை தூக்கப் போகிற கலாசி ஆட்கள், பாரம் தூக்குவதே தொழிலாக உள்ளவர்கள், சட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அதில் தேவாவும் இருந்தான். என் மனைவியின் தம்பி. மஞ்சள் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"மாமா, ஃபிரேம் சூப்பரா கீது. மடிக்கிறது விரிக்கிறது, கொடை மாதிரி!"

"உன் வேலை இன்னாடா சைட்ல?"

"மூலையில கயிறு கட்டிப் புடிச்சிக்குவேன். தூக்குறப்போ உலை சுத்தாம, இப்டி அப்டி இழுத்து நேரா வெக்கணும்ல."

அதைக் கேட்டுக்கொண்டு மேலே போனேன். மேடம் கணக்கை வேறு மாதிரி ஓட்டியிருந்தார். பாரம் ஏற்றாமல், சட்டத்தைச் சும்மா ஆட்டிப் பார்க்கிற கணக்கு. எங்கே பிடிப்பில்லையோ, அந்த இடம் திரையில் தானாக ஆடிக் காட்டும். நான் எட்டிப் பார்த்தேன். செவ்வகம் மெதுவாகச் சாய்ந்து டைமண்டாக மாறியது. திரும்ப நேராகி, அந்தப் பக்கம் சாய்ந்தது. மூலை தளர்ந்த கட்டில் சட்டம் அப்படித்தான் சாயும்.

"சார், இது சாஃப்ட்வேர் கோளாறு இல்ல. சட்டமே இப்படித்தான் இருக்குது. மடங்கணும்னு செஞ்சோம், மடங்குது. மடங்காதேன்னு யாரும் அதுக்குச் சொல்லல."

மூலையில் கயிறு கட்டி இழுப்பேன் என்று சற்றுமுன் தேவா சொல்லியிருந்தான். அதை மேடத்திடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இருவரும் முதலாளி அறைக்கு ஓடினோம்.

முதலாளி நம்பவில்லை. "போன தடவையும் இதே மாதிரிதான் பயமுறுத்தின" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, இங்கியே தூக்கிப் பாத்துடலாம். நின்னுச்சுன்னா வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

ஷெட் கிரேனில் சட்டத்தை மாட்டினார்கள். கீழே நான்கு மூலைகளிலிருந்தும் கான்கிரீட் கட்டைகளைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார்கள். மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்: தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்கக் கூடாது. ஃபோர்மேன் விசில் அடித்தார். சங்கிலி இறுகியது. கட்டைகள் தரையை விட்டு எழும்பின.

சட்டம் நின்றது. கல்லு மாதிரி நின்றது. ஒரு மூலைகூட அசையவில்லை.

ஃபோர்மேன் முதலில் சிரித்தார். "இன்னா மேடம், டிவி பொட்டில ஆட்டம் பாத்துட்டு எங்களை ஆட்டி வெச்சிட்டீங்களே!" கலாசிகளும் சிரித்தார்கள். முதலாளி வாட்சைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். மேடத்தின் கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவர் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். தேவா பிழைத்தான் என்றும் நினைத்தேன். இரண்டில் எது பெரிதென்று சொல்ல வேண்டியதில்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் மேடம். "சைட்ல கயிறு கட்டுவீங்கல்ல? இங்கியும் கட்டுங்க."

"அட, இன்னும் முடியலையா?" என்றார் ஃபோர்மேன். ஆனாலும் கட்டச் சொன்னார். தேவா தன் வழக்கப்படி மூலைக்கு அடியிலேயே போய் நின்றான். மேடம் கத்தினார். அவர் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"தம்பி, அங்க நிக்காத! நீளக் கயிறு கட்டு! தூண் தாண்டி நின்னு இழு!"

தேவா என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். நீளக் கயிற்றைக் கட்டிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போனான். "இன்னா மாமா இது, சின்னப் புள்ள ஆட்டம்" என்று முணுமுணுத்தபடி ஒரு இழுப்பு இழுத்தான். பலமாகக்கூட இல்லை.

செவ்வகம் சாய்ந்தது. சாய்ந்தது நிற்கவில்லை. லாரியில் ஏற்ற எப்படி மடியுமோ அப்படியே மடிந்தது. எதிரெதிர் மூலைகள் ஒன்றையொன்று நெருங்க, கட்டைகள் கவிழ்ந்து தரையில் விழுந்த சத்தத்தில் ஷெட் கூரை அதிர்ந்தது. ஒரு கட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி உருண்டுபோய், தேவா முதலில் நின்ற இடத்தைத் தாண்டி நின்றது.

ஃபோர்மேன் அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி கிரேன் ஆப்பரேட்டரைப் பார்த்துக் கையை மட்டும் கீழே காட்டினார், இறக்கு என்று. நான் தேவாவிடம் ஓடினேன். கயிற்றை இன்னும் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடுங்கிய பிறகுதான் விட்டான்.

மேடத்தைத் தேடினேன். வெளியே கேஸ் சிலிண்டர் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"ஜெயிச்சிட்டீங்க மேடம்" என்றேன்.

"இல்ல சார். அது நின்னப்போ எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? எப்பவும் நான் தப்பா இருக்கணும்னுதான் வேண்டிக்கினே இருப்பேன். அந்தத் தொட்டி சும்மானு தெரிஞ்ச அன்னைக்கு ஊட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கினேன். நீங்கல்லாம் என்னைத் திட்டிக்கினு இருந்தீங்க."

அவரை அத்தனை நாள் பிடிவாதக்காரி என்றே நினைத்திருந்தேன். அவர் பயந்தவர். எங்களில் யாரும் படாத பயத்தை எங்களுக்கும் சேர்த்துப் பட்டுக்கொண்டிருந்தவர்.

முதலாளி வந்து, "அம்மா, இன்னா செய்யணும் சொல்லு" என்று மட்டும் கேட்டார். இரண்டு குறுக்குச் சட்டங்கள், மூலைக்கு மூலை, சைட்டில் விரித்ததும் போல்ட் போட்டு இறுக்குகிற மாதிரி. ஃபோர்மேனே வெட்டினார், அவரே துளை போட்டார். யாரையும் தொட விடவில்லை. மேடம் கணக்கை மறுபடி ஓட்டினார். டிக் இல்லாமல் ஓடி முடிந்தது. கையெழுத்துப் போட்டார். குறுக்குச் சட்டம் மாட்டி, அதே கட்டைகளைத் தூக்கி, நான்கு மூலைகளிலும் ஆள் வைத்து இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. லோடு ஒருநாள் தாமதமாகக் கிளம்பியது. கிரேன்காரனும் ஆலைக்காரனும் என்னைத் திட்டிய திட்டை ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டேன்.

உலை தூக்குகிற அன்று நான் ஆபீசில்தான் இருந்தேன். எந்த வேலையும் ஓடவில்லை. மேடமும் திரையைப் பார்த்தபடி ஒன்றும் செய்யாமல் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போன் அடித்தது. தேவா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, ஏறிடுச்சு. சும்மா பூ மாதிரி ஏறிச்சு. இதுக்குப் போய் ஒரு நாள் லேட்டு பண்ணீங்களே, நேத்து முழுக்க வெயில்ல குந்திக்கினு இருந்தோம். அந்த மேடம் இல்லேன்னா நேத்தே முடிச்சிட்டு ஊட்டுக்கு வந்திருப்பேன்."

அந்தக் கட்டை பிளந்ததை நேரில் பார்த்தவன், கயிற்றை விடாமல் நின்றவன், மூன்றே நாளில் இப்படிப் பேசுகிறான். ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

மேடம் எட்டி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"சாரி தம்பி, லேட்டாயிடுச்சு" என்றார். "சாப்ட்டியா?"